வழி சொன்ன வாக்கியம்

பத்து நாட்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் பல்கலைக்கழகத்தில் சுயம்வரம் நடந்தது.

மாலை, மேளம் எதுவும் இல்லை. செமினார் ஹாலும் சமோசாவும் மட்டும். ஒவ்வோர் ஆசிரியரும் வேறொரு துறையிலிருந்து ஒரு ஜோடியைத் தேடிக்கொள்ள வேண்டும், இருவரும் சேர்ந்து ஓர் ஆய்வுத் திட்டம் எழுதித் தர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. பொருளாதாரம் தாவரவியலை ஓரக்கண்ணால் பார்த்தது. இயற்பியலைச் சுற்றிக் கூட்டம். வரலாறு வாசல் பக்கம் உட்கார்ந்து டீ வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

தமிழ்த் துறையை யார் கட்டிக்கொள்ளப் போகிறார்கள்? கடைசி வரிசையில் நிம்மதியாகச் சாய்ந்திருந்தேன்.

ஆனால், என்னைத் தேடி ஒருவர் வந்தார். பிரவீன். கம்ப்யூட்டர் துறையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத இளைஞர்.

"மேடம், நீங்க கடற்கரை ஊர்கள்ல நெறைய ரெக்கார்டிங் வச்சிருக்கீங்களாமே... புயல் எச்சரிக்கை எல்லாம் புத்தகத் தமிழ்ல போகுது மேடம். அந்த ஊர்க்காரங்க பேசுற மாதிரியே மெஷின் பேசினா எவ்வளவு நல்லா இருக்கும்? ஹார்ட் டிஸ்க்கக் குடுத்தீங்கன்னா நான் பார்த்துக்கறேன்."

நல்ல யோசனை. நல்ல பையன். உடனே சரி என்று சொல்லியிருக்கலாம்.

"கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

"யார்கிட்ட மேடம்? டேட்டா உங்களோடதுதானே?"

அந்தக் கேள்விக்கு நான் அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். படித்து முடித்ததும் உங்களில் சிலருக்கு என்மேல் உள்ள மரியாதை ஒரு பிடி குறையலாம். குறையட்டும்.

ஆறு வருடங்களுக்கு முன்பும் இதே மாதிரி ஒரு சுற்றறிக்கை வந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஜோடி ஷமீமா. கடல் உயிரியல் துறை. கீழக்கரைப் பெண். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். "வாப்பா துபாய்ல இருந்து வரும்போது எல்லாரும் செயின் கேப்பாங்க. நான் தண்ணிக்குள்ள பார்க்குற மாஸ்க் கேட்டேன்" என்று முதல் நாளே சொன்னாள்.

நானோ பரமக்குடிக்கு அந்தப் பக்கம் மிளகாய்க் கொல்லையில் வளர்ந்தவள். நான் அறிந்த பெரிய தண்ணீர் எங்கள் ஊர்க் கண்மாய். அதுவும் வருடத்தில் பாதி நாள் கிரிக்கெட் மைதானம்.

மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு கிராமம். ஊர் பெயரை இந்த முறை எழுதப்போவதில்லை. அங்கே பெண்கள் கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். சேலைக்கு மேல் மகனுடைய பழைய டி-ஷர்ட், விரல்களில் சுற்றிய துணி, பாதத்தில் துடுப்புக்குப் பதிலாகக் கட்டிய அலுமினியத் தட்டு. இவ்வளவுதான் கருவிகள். எந்தப் பாசி எங்கே, எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப முளைக்கிறது என்று பார்ப்பது ஷமீமாவின் வேலை. அந்தப் பெண்கள் பாசிக்கும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வைத்திருக்கும் சொற்களைச் சேகரிப்பது என் வேலை.

அவள் தண்ணீருக்குள் போவாள். நான் வள்ளத்தில் ரெக்கார்டரை பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டு, விளிம்பையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்று வருடம். பெரும்பாலான சனிக்கிழமைகள்.

அந்தப் பெண்களுக்குத் தலைவி மாதிரி லூர்தம்மாள் அக்கா. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். ஷமீமாவை டாக்டர் என்று அறிமுகப்படுத்தியதும், கையை நீட்டி முள் குத்திய இடத்தைக் காட்டினார். அடுத்தடுத்து ஆறேழு கைகள் நீண்டன.

"அக்கா, நான் ஊசி போடுற டாக்டர் இல்ல. பாசி டாக்டர்."

"பாசிக்கு என்ன நோவு?" என்றார் லூர்தக்கா.

அடுத்த வாரத்திலிருந்து ஷமீமாவின் பையில் மாதிரி எடுக்கும் பாட்டில்களோடு, முள் குத்திய கைகளுக்குப் பஞ்சும் லூர்தக்காவின் மூட்டுவலிக்குக் களிம்பும் இருந்தன.

நாங்கள் இருவரும் சண்டை போட்டதுபோல எந்தத் துறையிலும் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். ஒரு சண்டையை மட்டும் சொல்கிறேன். மரிக்கொழுந்துப் பாசி என்று ஒன்று இருக்கிறது. அதையே சில நேரம் அந்தப் பெண்கள் வெறுமனே 'ஒதுக்கு' என்றார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றாள் ஷமீமா. மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டாளாம். இரண்டு சொல் இருந்தால் இரண்டு பொருள் இருக்க வேண்டும் என்றேன் நான்.

"அக்கா, உங்க அகராதிக்காகக் கடல் புதுசா ஒரு பாசி முளைக்க வைக்குமா?"

மூன்று மாதம் இழுத்தது. கடைசியில் நேராகக் கேட்டே விட்டோம். லூர்தக்கா எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"பார்ல ஒட்டி உசுரோட நின்னா மரிக்கொழுந்து. அத்துக்கிட்டு வந்து கரையில கெடந்தா ஒதுக்கு. செத்தவுகளப் பேரு சொல்லியா கூப்பிடுறோம்? பொணம்னுதான சொல்றோம்."

பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு.

ஷமீமா நோட்டை எடுத்து மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எங்கிருந்தோ அடித்து வந்து ஒதுங்கியதையும் இங்கே முளைத்ததையும் ஒரே கணக்கில் எழுதி வந்திருக்கிறாள். அதனால்தான் அவளுடைய வரைபடம் ஒரு வருடமாக எங்கேயும் பொருந்தாமல் நொண்டிக்கொண்டிருந்தது. ஒரு சொல் அதை நேராக்கியது.

திரும்பும் பஸ்ஸில் அவள் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கினாள். தலைமுடியில் உப்பு. மடியில் அவள் உம்மா கொடுத்துவிட்ட தொதல் என்ற தேங்காய்ப்பால் இனிப்பு, பாதி தின்றது. அந்த ஒன்றரை மணி நேரம் நான் தோளை அசைக்கவில்லை.

நாற்பது வயதுக்கு மேல் ஒரு தோழி கிடைப்பது சாதாரண விஷயமா? அதுவும் நமக்குத் தெரியாத உலகத்திலிருந்து வந்து, நமக்குத் தெரிந்ததைக் கேட்டு ஆச்சரியப்படுகிற ஒருத்தி...

சரி. இனி என் பங்கு.

லூர்தக்கா கூட்டத்துக்கு என்று ஒரு பார் இருந்தது. நல்ல பாசி நிற்கும் இடம். எல்லா நாளும் போக மாட்டார்கள். எடுத்தால் ஆற விடுவார்கள். வெறும் கையால்தான் கிள்ளுவார்கள், அடி வேரைத் தொட மாட்டார்கள். அந்த இடத்துக்குப் போக அவர்களிடம் மேப் கிடையாது. ஒரு வாக்கியம்தான் இருந்தது. கரையில் எது எதற்குப் பின்னால் ஒளிய வேண்டும், எது இரண்டாகப் பிரிந்து தெரிய வேண்டும், அப்போது எங்கே முங்க வேண்டும் என்று சொல்லும் வாக்கியம். மூன்றே துண்டு. ஒரு அசைகூட மிகையாக இல்லை. முப்பது வருடமாகத் தமிழ் படித்தவள் நான். அப்படி ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு வராது.

அதைக் கேட்ட வாரமே, பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தப் பத்தியில் அப்படியே எழுதினேன். ஊர் பெயரோடு.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நிறையப் பேர் பாராட்டி எழுதினீர்கள். ஒரு வாசகர் அந்த வாக்கியத்தைத் தன் மகளுக்கு மனப்பாடம் செய்து கொடுத்ததாகச் சொன்னார். எனக்கு இரண்டு நாள் கால் தரையில் படவில்லை.

மூன்று வாரம் கழித்து நானும் ஷமீமாவும் போனபோது, வெயில் ஏறிய பிறகும் பெண்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். வள்ளம் மணலில் கிடந்தது.

"என்னக்கா, போகலையா?" என்றாள் ஷமீமா.

"எங்கன போக?" என்றார் லூர்தக்கா.

வேறு ஊரிலிருந்து இரண்டு படகு வந்திருக்கிறது. ஆண்கள். இரும்புச் சட்டி, சுரண்டும் தகடு. ஐந்தாறு நாள் தொடர்ந்து வந்து, பாறை வெள்ளையாகத் தெரியும் வரை வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். இவர்கள் வள்ளத்தை எடுத்துப்போய்க் கேட்டபோது, "பேப்பர்லயே போட்டிருக்காக. ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றிருக்கிறார்கள்.

பேப்பர் என்ற சொல் வந்ததும் ஷமீமா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அந்த வாரம் என் பத்தியைப் படித்திருக்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. நான்தான் போனில் எடுத்துக் காட்டினேன். நின்றுகொண்டே படித்தாள். படித்து முடித்து போனை என் கையில் கொடுத்தாள். 

லூர்தக்காதான் பேசினார்.

"எம்மக படிச்சுக் காமிச்சா டீச்சர். நல்லாத்தான் எழுதியிருந்தீக. கேக்கயில, எனக்கே அங்கன போகணும் போல இருந்துச்சு."

திட்டியிருக்கலாம். அந்தப் பெண்கள் திட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பதிவே செய்து வைத்திருக்கிறேன். ஒருவரும் திட்டவில்லை. எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அடுத்த வாரமே மன்னிப்புக் கேட்டு எழுதிவிடுகிறேன் என்றேன்.

"மறுக்கா எழுதிறாதீக டீச்சர். எழுதுனா அதப் பாத்து இன்னும் நாலு பேரு வருவாக."

எழுத்தால் செய்த தவறை எழுத்தால் சரி செய்ய முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன் பிறகு சில வாரம் இந்தப் பத்தி வரவில்லை. உடல்நலக் குறைவு என்று பத்திரிகையில் போட்டார்கள். விசாரித்துக் கடிதம் எழுதியவர்களுக்கு இப்போது சொல்கிறேன், எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அன்று ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு வரை ஷமீமா முன் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தாள். அவள் கீழக்கரை பஸ்ஸுக்கும் நான் பரமக்குடி பஸ்ஸுக்கும் பிரிய வேண்டும். பிரியும் இடத்தில் நின்றாள்.

"அந்தப் பார் எங்க இருக்குன்னு காட்டுற ஜி.பி.எஸ். எண் எல்லாத்தையும் நான் அழிச்சேன் மேடம். யூனிவர்சிட்டிக்குக் குடுத்த மேப்புலகூட அந்த இடத்த வெள்ளையா விட்டேன். திட்டு வாங்கினேன். ஏன்னு உங்களுக்குத் தெரியும்."

அவள் என்னை மேடம் என்று கூப்பிட்டு இரண்டரை வருடம் ஆகியிருந்தது.

"அது ஒரு வாக்கியம்தானே ஷமீமா... எழுதிக்கங்கன்னு அக்காவே சொன்னாங்க."

"உங்களுக்கு வாக்கியம். அவங்களுக்கு அது வழி."

லூர்தக்கா எழுதிக்கொள்ளச் சொன்னது உண்மை. எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று நான் கேட்கவில்லை. ஷமீமாவின் துறையில் அதைக் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எண் என்றால் பூட்டி வைக்கத் தெரிகிறது. என் துறையில் அழகாக ஏதாவது காதில் விழுந்தால் உடனே நாலு பேருக்குச் சொல்லத்தான் தெரியும். இரண்டு துறை சேர்ந்து ஆய்வு செய்வது என்றால் இதைத்தானே முதலில் பேசியிருக்க வேண்டும்? நாங்கள் பாசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அவள் என்னோடு சண்டை போடவில்லை. அதுதான் கஷ்டம். மிச்ச வேலையை ஒழுங்காக முடித்தாள். கட்டுரையில் என் பெயரைச் சரியாகப் போட்டாள். 'ஒதுக்கு' என்ற சொல்லைக் கண்டுபிடித்தது நான் என்று அடிக்குறிப்புகூட எழுதினாள். பல்கலைக்கழக வராந்தாவில் எதிரே வந்தால் சிரித்தாள். மறு வருடம் மஸ்கட்டில் ஒரு கடல் ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகிற அன்று துறை அலுவலகத்தில் எல்லோருக்கும் தொதல் கொடுத்திருந்தாள். எனக்கும் ஒரு துண்டு மேஜையில் இருந்தது, எல்லோருக்கும் வைத்த அதே அளவில்.

இன்றைக்கும் சனிக்கிழமை விடிந்தால் எனக்குச் சீக்கிரம் விழிப்பு வந்துவிடுகிறது. எங்கேயும் போக வேண்டியதில்லை. தங்கச்சிமடத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி பேச்சுவாக்கில் புதிதாக ஒரு காற்றின் பெயரைச் சொன்னால், கை போனுக்குப் போகிறது. அப்புறம் நோட்டுக்குப் போகிறது. ஷமீமாவிடம் சொல்ல வேண்டியவை என்று தலைப்புப் போடாமலே ஒரு நோட்டு நிரம்பிக்கொண்டிருக்கிறது. அவளைப் போல 'அதெப்படி அக்கா?' என்று கேட்க ஆளில்லை. என் துறையில் எல்லோருக்கும் நான் சொல்வது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. பிற துறையில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

பிரவீன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். இத்தனை வருடத்தில் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. லூர்தக்கா தொங்கிய வலையின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, காயப்போட்ட பாசியில் கலந்து கிடந்த சிப்பியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். எம்புட்டு நாளாச்சு, ஆளயே காணோம்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் இன்னும் மூன்று பெண்களைக் கூப்பிட்டார். எனக்குக் கேட்காத தூரத்தில் போய் நின்று பேசினார்கள். அந்தத் தூரம் நியாயமானது. திரும்பி வந்தார்கள்.

"காத்துப் பேரு, மீன் பேரு, பாசிப் பேரு, நாங்க சிரிச்சது, வஞ்சது எல்லாத்தையும் குடுங்க. எடம் சொல்றது மட்டும் வேணாம். ஒரு வார்த்தகூட வேணாம்."

"சரிக்கா."

"மெசினு எங்களக் கணக்காவே பேசுமா?"

"பேசும்னு சொல்றாங்க."

"அப்ப மழ வருதுன்னா சுருக்காச் சொல்லச் சொல்லுங்க. ரேடியோக்காரன் மாதிரி வணக்கம் எல்லாம் சொல்லிட்டு இருக்கப்போகுது."

கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் கேட்டேன். "அந்தப் பார்..."

"மொளைக்கிது. நாங்க இன்னும் கை வைக்கல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இதை எழுதட்டுமா என்று மட்டும் கேட்டேன். எதை எழுதுவேன், எதை எழுத மாட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டேன். ஊர் பெயர் இல்லாமல் எழுதச் சொன்னார்.

கிளம்பும்போது லூர்தக்கா கேட்டார். "டாக்டரு எங்க இருக்கு இப்ப? எங்கள மறந்திருச்சா?"

"உங்கள மறக்கலக்கா. வெளிநாட்டுல இருக்கு."

"அப்ப ஒங்களத்தான் மறந்திருச்சுபோல" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குப் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்க்க வேண்டியிருந்தது.

ஒலிப்பதிவுகளில் பாதிக்கு மேல் ஷமீமாவின் குரலும் இருக்கிறது. அவளையும் கேட்க வேண்டும். கேட்காமல் இருக்க முடியாது என்பதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அன்று மாலையே எழுதினேன். மூன்று தடவை எழுதி அழித்தேன். கடைசியில், 'ஒலிப்பதிவுகளில் தங்கள் குரலும் இடம்பெற்றிருப்பதால் தங்கள் ஒப்புதல் தேவைப்படுகிறது' என்று அனுப்பினேன். ஷமீமாவை நான் 'தாங்கள்' என்று எழுதினேன். இந்தத் தமிழ் எதற்குத்தான் உதவுகிறது?

இரண்டு நீல டிக் உடனே வந்தது. பதில் வரவில்லை. திங்கள் போனது. செவ்வாய் மதியம் வந்தது.

'ஆட்சேபணை இல்லை. வழி சொல்லும் பகுதிகளை நீக்கிவிட்டுக் கொடுக்கவும்.' கீழே முழுப் பெயர், பதவி, நிலையத்தின் பெயர்.

மூன்று வருடச் சனிக்கிழமைகளுக்கு ஒரு என்.ஓ.சி. போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். என்ன பாடம் நடத்தினேன் என்று மாணவர்களைத்தான் கேட்க வேண்டும்.

திரும்பி வந்து பார்த்தபோது, அதற்குக் கீழே இன்னொரு வரி வந்திருந்தது. ஏழு நிமிடம் கழித்து அனுப்பியிருக்கிறாள்.

'லூர்தக்கா மூட்டுவலி எப்படி இருக்கு?'

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அக்கா என்றும் இல்லை, மேடம் என்றும் இல்லை. மூட்டு மட்டும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வலது கால்தான், இடது பரவாயில்லை, உட்கார்ந்து எழும்போது கையூன்றுகிறார், ராமநாதபுரத்தில் ஒருவர் கொடுத்த தைலம் போடுகிறார், தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் வலியே தெரியவில்லையாம், கரையேறினால்தான் தெரிகிறதாம், நீ கொடுத்த களிம்பு டப்பாவில் இப்போது ஊசி நூல் வைத்திருக்கிறார்... டைப் செய்துகொண்டே போனேன்.

எந்த எலும்பு டாக்டரும் ஒரு மூட்டைப் பற்றி இவ்வளவு ஆசையாக எழுதியிருக்க மாட்டார்.